கூரையில் ஒரு சாட்சி

(வெலிமடையில், கமரா பொருத்தும் தொழிலைக் கற்கும் இளைஞர்களும் அவர்களுடைய பெற்றோரும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள், ஒரு கசினோவின் பழைய கண்காணிப்புக் கமராக்களை எடுத்துவிட்டு வலையமைப்புக் கமராக்களைப் பொருத்துவதற்கு எப்படித் திட்டமிடுவது என்பது. வெலிமடைக்கும் கசினோவுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் மனதுக்குள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நியாயமான கேள்விதான். இங்கிருந்து பண்டாரவளைக்குப் போனாலும் இல்லை, பதுளைக்குப் போனாலும் இல்லை. நுவரெலியாவில் குதிரைப் பந்தயத் திடல் இருக்கிறது, டவுனுக்கு டவுன் ரேஸ் புக்கி இருக்கிறது. கசினோ இல்லை. ஆனால் கொழும்பில் கசினோவின் கூரைக்குள் தவழ்ந்து கேபிள் இழுக்கப் போகிறவன் யார்? கண்காணிப்பு அறையில் இராவு பூராவும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்காரப் போகிறவள் யார்? நம் மலையிலிருந்து பஸ் ஏறும் பிள்ளைகளும் அதில் இருப்பார்கள். 2025 ஆகஸ்ட்டில் கொழும்பில் சிட்டி ஆஃப் ட்ரீம்ஸ் ஸ்ரீலங்கா திறக்கப்பட்டது. ஜோன் கீல்ஸ் நிறுவனம் கட்டிய மாளிகையில், மக்காவுவில் கசினோ நடத்தும் மெல்கோ நிறுவனம் சூதாட்டத் தளத்தை நடத்துகிறது. அரபு நாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கும் ஒரு செய்தி. ஐக்கிய அரபு அமீரகம் தன் முதல் கசினோ உரிமத்தை 2024இல் ராஸ் அல் கைமாவில் கட்டப்படும் வின் நிறுவனத்தின் விடுதிக்குக் கொடுத்துவிட்டது. ஆக, வேலை வரும். வேலை வருவதற்கு முன் அறிவு வரட்டும் என்பதற்காகத்தான் இந்தக் கூட்டம்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சூது நல்லது என்று சொல்ல நான் வரவில்லை. சூதுக்கென்று தனி அதிகாரமே ஒதுக்கிக் கண்டித்த வள்ளுவரின் கட்சிதான் நானும். ஆனால் நாட்டின் சட்டம் ஒன்றை அனுமதித்துவிட்டது. 1889ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டளைச் சட்டம் ஒரு காலம், 2010இன் கசினோ ஒழுங்குறுத்தல் சட்டம் இன்னொரு காலம். இப்போது சூதாட்டத்தை மேற்பார்வை செய்யத் தனி அதிகாரசபை ஒன்றை அமைக்கும் சட்டத்தை 2025இல் பாராளுமன்றம் நிறைவேற்றியிருக்கிறது. அனுமதித்த பிறகு அங்கே நடப்பதற்குச் சாட்சி வேண்டாமா? அந்தச் சாட்சிதான் கமரா. என் உரை முழுவதும் சாட்சி என்ற சொல்லைச் சுற்றித்தான் இருக்கும்.

நம் தோட்டங்களில் அருச்சுனன் தபசு ஆடாத ஊர் குறைவு. பாரதக் கதை தெரியாத பிள்ளை இங்கே இல்லை. அருச்சுனன் தவத்துக்குப் போக நேர்ந்ததற்கு மூலம் எது? ஒரு சூதாட்டம். அந்தச் சூதாட்டம் இருட்டறையிலா நடந்தது? இல்லையே! அரசவையில் நடந்தது. பீஷ்மர் பார்த்தார், துரோணர் பார்த்தார், கிருபர் பார்த்தார், விதுரர் பார்த்தார். சகுனி பகடையை உருட்டியதை அவை முழுவதும் பார்த்தது. கண்ணுக்கா பஞ்சம்? பார்ப்பது யார் பொறுப்பு, தவறு கண்டால் ஆட்டத்தை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு, பிறகு விசாரணை வந்தால் எதைக் காட்டுவது என்று யாரும் தீர்மானித்திருக்கவில்லை. எடுத்துச் சொன்ன விதுரரின் பேச்சும் எடுபடவில்லை. அந்த அவைக்கு இன்று யாராவது விலைமனு கொடுத்தால், இருநூறு கமரா போடலாம் என்று எழுதிக் கொடுப்பார்கள். இருநூறு கமரா இருந்திருந்தால் பாஞ்சாலியின் துயரம் நின்றிருக்குமா?

ஆகவே தம்பிமார்களே, ஒரு முதலாளி உங்களைக் கூப்பிட்டு, "தம்பி, கமராவெல்லாம் பழசாப் போச்சு, எத்தனை போடணும், எவ்வளவு ஆகும்?" என்று கேட்டால், எண்ணிக்கையைச் சொல்லாதீர்கள். திருப்பிக் கேளுங்கள்: இங்கே யாருக்கும் யாருக்கும் என்ன வழக்கு வரும், அந்த வழக்கில் இந்தக் கமரா என்ன சாட்சி சொல்ல வேண்டும்?

என்ன வழக்கு வரும்? கசினோ மேசையை எண்ணிப் பாருங்கள். பிளாக்ஜாக் மேசையில் ஒருவர் சொல்கிறார், எனக்கு வந்தது இருபத்தொன்று. டீலர் சொல்கிறார், இல்லை ஐயா, இருபது. ரூலெட் மேசையில் பந்து குழியில் விழுந்த பிறகு ஒரு கை நைசாக நீண்டு வென்ற எண்ணின்மேல் சிப் ஒன்றை வைத்துவிட்டு, முதலிலேயே வைத்தேன் என்று சாதிக்கிறது. காசாளர் கூண்டில் பத்தாயிரம் ரூபாய்க் கட்டு ஒன்று குறைகிறது. வாசலில், வரக்கூடாது என்று தடை செய்யப்பட்ட ஒருவர் தொப்பி போட்டுக்கொண்டு நுழைகிறார். வாகனத் தரிப்பிடத்தில் ஒருவர் வழுக்கி விழுந்து, நட்டஈடு கேட்கிறார். ஐந்தும் ஐந்து வழக்கு. ஒரே மாதிரிக் கமராவால் ஐந்துக்கும் சாட்சி சொல்ல முடியுமா? முடியவே முடியாது.

இங்கே கொஞ்சம் கணக்குப் போடுவோம். பயப்படாதீர்கள், பெருக்கலும் வகுத்தலும்தான். ஐ.இ.சி. 62676-4 என்று ஒரு சர்வதேசத் தரம் இருக்கிறது. ஒரு மீற்றர் அகலக் காட்சிக்குள் எத்தனை பிக்சல் விழுகிறது என்பதை வைத்து அதன் 2014ஆம் ஆண்டுப் பதிப்பு பேசுகிறது. மீற்றருக்கு 25 பிக்சல் இருந்தால் யாரோ ஒருவர் இருக்கிறார் என்று கண்டுகொள்ளலாம். 125 இருந்தால், ஏற்கெனவே தெரிந்த ஆளை இன்னார் என்று சொல்லலாம். 250 இருந்தால், முன்பின் தெரியாத ஒருவரை ஐயத்துக்கு இடமில்லாமல் அடையாளம் காட்டலாம். நுணுக்கமாக ஆராய வேண்டுமானால் 1000 வேண்டும்.

இப்போது சாதாரண முழு எச்.டி. கமரா ஒன்றை எடுங்கள். படத்தின் அகலம் 1920 பிக்சல். அதை மண்டபத்தின் மூலையில் மாட்டி இருபது மீற்றர் அகலத்தைப் பார்க்கச் சொன்னால் என்ன கிடைக்கும்? 1920ஐ இருபதால் வகுங்கள். மீற்றருக்கு 96 பிக்சல். தெரிந்த ஆளைக்கூட உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் திரையில் பார்த்தால் படம் பளிச்சென்று இருக்கும், முதலாளி மகிழ்ந்து போவார். வழக்கு வரும் நாளில்தான் அழுகை. அதே கமராவை ஒரு பிளாக்ஜாக் மேசைக்கு நேர் மேலே மாட்டி, இரண்டு மீற்றர் அகலத்தை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். மீற்றருக்கு 960. ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றருக்கு ஒரு பிக்சல். சீட்டின் மூலையில் உள்ள எண்ணின் உயரம் ஒரு சென்டிமீற்றர் என்று வைத்தால், அந்த எண் பத்து பிக்சல் உயரத்தில் தெரியும். ஆறா எட்டா என்று தடுமாறும் எல்லை அது. 4கே கமரா போட்டால் இருமடங்கு. எண் பத்தொன்பது பிக்சல் உயரத்தில் நிற்கும். தடுமாற்றம் இல்லை. ஆகவே மேசைக்கு 4கே. அதே 4கேயை நடைபாதைக்கும் கழிவறை வாசலுக்கும் போடச் சொல்லி விற்பனையாளர் வற்புறுத்துவார். மறுத்துவிடுங்கள். ஆள் போனார் வந்தார் என்பதுதான் அங்கே கேள்வி. அதற்கு இவ்வளவு பிக்சலும் வேண்டாம், அதைச் சேமிக்க இவ்வளவு செலவும் வேண்டாம்.

ரூலெட் மேசைக்கு ஒரு கமரா போதுமா? போதாது. சக்கரத்துக்கு ஒன்று, பந்தயம் கட்டும் விரிப்புக்கு ஒன்று. இரண்டின் கடிகாரமும் ஒன்றாக ஓட வேண்டும். பந்து விழுந்த நொடி எது, சிப் வைக்கப்பட்ட நொடி எது என்பதுதானே வழக்கு? ஒரு கமராவின் நேரம் மூன்று செக்கன் முந்தி ஓடினால், சாட்சியே பொய் சாட்சி ஆகிவிடும். எல்லாக் கமராவும், காசாளர் கூண்டின் கணினியும், வாசற் கதவின் பூட்டும் ஒரே நேரச் சேவையகத்தைப் பார்த்துத் தங்கள் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். விலைமனுவில் அரை வரியில் முடிந்துபோகும் வேலை இது. பலர் அந்த அரை வரியை எழுதுவதில்லை.

வேகமும் அப்படித்தான். சேமிப்பை மிச்சம் பிடிக்கிறேன் என்று செக்கனுக்கு ஐந்து படம் என்று வைப்பவர்கள் உண்டு. செக்கனுக்கு ஒரு மீற்றர் வேகத்தில் நகரும் கை, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் இருபது சென்டிமீற்றர் போய்விடும். களவு முழுவதும் அந்த இடைவெளிக்குள் முடிந்துவிடும். செக்கனுக்கு இருபத்தைந்து படம் என்றால் அதே கை நான்கு சென்டிமீற்றர்தான் நகரும். மேசைக்கு இருபத்தைந்துக்குக் குறையாதீர்கள். இன்னொரு சின்ன விஷயம், நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். கமராவை 60 ஹேர்ட்ஸ் அமைப்பிலேயே விட்டுவிட்டால் விளக்கொளியில் படம் முழுக்கப் பட்டை பட்டையாக ஓடும். இதைப் போய்ச் சரிசெய்ய இரண்டு நிமிடம். சரிசெய்யாமல் ஐந்து வருடம் ஓடும் இடங்களைப் பார்த்திருக்கிறேன்.

முன்பெல்லாம் எப்படிக் கண்காணித்தார்கள் என்று கேட்பீர்கள். அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் கமரா வருவதற்கு முன், கூரைக்கு மேலே ஒடுங்கிய நடைபாதை அமைத்திருந்தார்கள். கீழிருந்து பார்த்தால் கண்ணாடி, மேலிருந்து பார்த்தால் ஊடாகத் தெரியும். ஆட்கள் குனிந்து நடந்து, மேசைகளை மேலிருந்து பார்த்தார்கள். பிறகு கமரா வந்தது, வீடியோ நாடா வந்தது. 1996இல் சுவீடனின் ஆக்சிஸ் நிறுவனம் வலையமைப்பில் நேரடியாகச் சேரும் முதல் கமராவை வெளியிட்டது. முழு அளவுப் படம் ஒன்றை அனுப்ப அதற்குச் சுமார் 17 செக்கன் ஆனது. அதை வைத்துக்கொண்டு கசினோவைக் காவல் காக்க முடியுமா என்று அன்று சிரித்திருப்பார்கள். 2003இல் படத்தையும் மின்சாரத்தையும் ஒரே கேபிளில் அனுப்பும் தரம் வந்தது, ஒரு இணைப்புக்கு 15.4 வாட். 2008இல் ஆக்சிஸ், பொஷ், சோனி மூன்றும் சேர்ந்து ஒன்விஃப் என்ற பொதுமொழியை உருவாக்கின. ஒருவர் செய்த கமரா இன்னொருவர் செய்த ரெக்கோடரோடு பேச வழி பிறந்தது. வாங்கும்போது ஒன்விஃப் உண்டா என்று கேட்பது, நாளை ஒரே கம்பனியின் வாசலில் கைகட்டி நிற்காமல் இருப்பதற்கு.

எல்லாவற்றையும் யாரோ ஒருவர் திரையில் பார்த்துக்கொண்டே இருந்தால் போதாதா, பதிவு எதற்கு? லண்டனில் நடந்த ஒரு கதையைச் சொல்கிறேன். 2012 ஆகஸ்ட்டில் கிரொக்ஃபோர்ட்ஸ் என்ற கசினோவில் பில் ஐவி என்ற புகழ்பெற்ற ஆட்டக்காரர், துணைக்கு ஒரு பெண்ணோடு, புன்டோ பாங்கோ என்ற சீட்டாட்டம் ஆடினார். அங்கே பயன்படுத்திய சீட்டுகளின் பின்புற வடிவம் இரண்டு ஓரத்திலும் மயிரிழை வேறுபட்டிருந்தது. ஆட்டத்தில் ஏழு, எட்டு, ஒன்பது ஆகியவை மதிப்பு மிக்க சீட்டுகள். ராசிக்காக என்று சொல்லி, அந்தச் சீட்டுகளை மட்டும் திருப்பி வைக்கும்படி அந்தப் பெண் டீலரிடம் கேட்டார். டீலரும் செய்தார். அதன் பிறகு சீட்டின் ஓரத்தைப் பார்த்தாலே அது பெரிய சீட்டா சின்னச் சீட்டா என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. வென்ற தொகை 77 லட்சம் பவுண். அந்த நேரத்தில் யாருக்காவது சந்தேகம் வந்ததா? இல்லை. பெருந்தொகை போனால் பதிவுகளை மீண்டும் பார்ப்பது அந்த நிறுவனத்தின் வழக்கம். பார்த்தார்கள், சீட்டுகளையும் எடுத்து ஆராய்ந்தார்கள், அப்புறம்தான் சூட்சுமம் பிடிபட்டது. இப்படி ஒரு வித்தை இருப்பதே அதுவரை அங்கே எவருக்கும் தெரியாது. பணம் கொடுக்க மறுத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2017இல் அது ஏமாற்றுதான் என்று தீர்ப்பானது.

கவனித்தீர்களா? நேரலையில் பார்த்த கண் தோற்றது. பதிவு வென்றது. எதைத் தேடுகிறோம் என்று தெரியாதபோதும் பிறகு தேடிக் கண்டுபிடிக்கும் அளவுக்குத் தெளிவான பதிவு இருந்ததால் வென்றது. அதனால்தான் திட்டத்தில் கமராவுக்கு மட்டுமல்ல, சேமிப்புக்கும் பெரும் பணம் போகும் என்பதை முதலாளிக்கு முதல் நாளே சொல்லுங்கள். ஐந்நூறு கமரா உள்ள இடம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கமரா செக்கனுக்கு 6 மெகாபிட் அனுப்பினால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 65 ஜிகாபைட். ஐந்நூறுக்கு நாளொன்றுக்கு 32 டெராபைட். முப்பது நாள் வைக்க 970 டெராபைட். கடைத்தெருவில் வாங்கும் ரெக்கோடர் பெட்டியில் அடங்கும் சங்கதியா இது? அமெரிக்காவின் நெவாடா மாநில விதி, மேசைப் பதிவுகளைக் குறைந்தது ஏழு நாளும், குற்றம் அல்லது தடுத்துவைப்பு சம்பந்தப்பட்ட பதிவுகளை முப்பது நாளும் வைக்கச் சொல்கிறது. என்னைக் கேட்டால் ஏழு நாள் போதாது. முறைப்பாடு எழுதவே நம் ஆட்களுக்கு ஒரு வாரம் ஆகும்.

மாற்றும் வேலை எப்படி நடக்க வேண்டும்? கடையை மூடிவிட்டு மாற்றலாம் என்றால் கசினோ மூடுவது அரிது. பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதைப் போடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. புதியதை மாட்டு, பழையதோடு சேர்த்து ஓட்டு, இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார், சீட்டின் எண் வாசிக்க முடிகிறதா என்று மேசையில் சீட்டை வைத்தே சோதி, அதன் பிறகு பழையதைக் கழற்று. இடைப்பட்ட நேரத்தில் ஒரு மேசைக்குக் கண் இல்லையென்றால் அந்த மேசையை மூடு. இதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் சனிக்கிழமை இரவு கூட்டத்தைப் பார்த்ததும், "பரவாயில்ல தம்பி, ஒரு மணித்தியாலந்தானே" என்பார்கள். அந்த ஒரு மணித்தியாலத்தில் ஏதாவது நடந்தால் பழி உங்கள் தலையில். பழைய கோஅக்சியல் கேபிள் நல்ல நிலையில் இருந்தால் அதை வெட்டி எறியாதீர்கள். குறியாக்கிப் பெட்டி வைத்து வலையமைப்போடு சேர்த்துச் சில இடங்களை இரண்டாம் கட்டத்துக்குத் தள்ளலாம். புதிய செப்புக் கேபிளுக்கு நூறு மீற்றர்தான் எல்லை. அதற்கு மேல் போனால் ஒளியிழை. வரைபடத்தில் நேர்கோட்டை அளக்காதீர்கள், கேபிள் கூரைக்குள் வளைந்து போகும் பாதையை அளந்து பாருங்கள். மின்சாரம் போனால் யூ.பி.எஸ். எவ்வளவு நேரம், ஜெனரேட்டர் எத்தனை செக்கனில் எழும், ஒரு ரெக்கோடர் செத்தால் அதன் கமராக்களை எந்த ரெக்கோடர் ஏற்கும், இதெல்லாம் நீங்கள் வகுப்பில் படிக்கிறவைதான். விரித்துச் சொல்லவில்லை.

இனி வலையமைப்பின் ஆபத்து. பழைய கமராவின் கம்பி ரெக்கோடரோடு நின்றது. புதிய கமரா ஒரு கணினி. கணினிக்கு என்ன நோய் வருமோ அது கமராவுக்கும் வரும். 2016இல் மிராய் என்ற தீநிரல் உலகம் முழுவதும் கமராக்களையும் ரெக்கோடர்களையும் பிடித்து ஆட்டியது. எப்படிப் பிடித்தது? பெட்டியில் வரும்போதே இருக்கும் பயனர் பெயர், கடவுச்சொல் ஜோடிகள் அறுபத்துச் சொச்சத்தை வைத்துக்கொண்டு கதவு கதவாகத் தட்டிப் பார்த்தது. அவ்வளவுதான். திறந்த கதவுகளைக் கொண்டு ஒக்டோபர் 21ஆம் திகதி அமெரிக்காவின் பெரிய இணையத்தளங்களை முடக்கிப் போட்டார்கள். 2023 செப்டெம்பரில் எம்.ஜி.எம். நிறுவனத்தின் கசினோக்கள் தாக்கப்பட்டன. கணினி உதவி மேசைக்குத் தொலைபேசியில் பேசி ஏமாற்றியதே தொடக்கம் என்று சொல்லப்பட்டது. நட்டம் சுமார் பத்துக் கோடி டொலர் என்று நிறுவனமே அறிவித்தது. ஆகவே கமராவுக்குத் தனி வலையமைப்பு. விருந்தினர் வைஃபையும் அதுவும் ஒரே பாதையில் போகக் கூடாது. ஒவ்வொரு கமராவுக்கும் மாற்றிய கடவுச்சொல். வெளியிலிருந்து பராமரிப்புக்கு உள்ளே நுழையும் வழி, தேவைப்படும் நேரத்தில் மட்டும் திறந்து மூடுவது.

இவற்றையெல்லாம்விடப் பெரிய பாடம் அவுஸ்திரேலியாவில் இருக்கிறது. 2013இல் மெல்பேணில் உள்ள கிரவுண் கசினோவில் ஒரு பெரும்புள்ளி சில கைகள் ஆடி வென்றார். தொகை சுமார் 3 கோடியே 20 லட்சம் அவுஸ்திரேலிய டொலர். கசினோவின் சொந்தக் கண்காணிப்புக் கமராக்களின் படம் வெளியாருக்குப் போய், அதைப் பார்த்து எதிராளிகளின் சீட்டை அவருக்கு அறிவித்தார்கள் என்று செய்திகள் வெளியாகின. ஊழியர் ஒருவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். எண்ணிப் பாருங்கள்! கள்ளனைப் பிடிக்க வைத்த கண் கள்ளனுக்கே கண்ணானது. எவ்வளவு உயர்ந்த கமரா போடுகிறீர்களோ, அவ்வளவு தெளிவாக அது அவனுக்கும் காட்டும். 4கே போட்டால் சீட்டின் எண் நமக்கு மட்டுமா தெரியும்?

ஆகவே யார் பார்க்கலாம், யார் பிரதி எடுக்கலாம், பார்த்தவர் பெயரும் நேரமும் எங்கே பதிவாகும், அந்தப் பதிவை அழிக்க முடியாதபடி வைத்திருப்பது யார் என்பதைத் திட்டத்தில் எழுதாமல் ஒரு ஆணிகூட அடிக்காதீர்கள். கண்காணிப்பு அறை, மேசைகளை நடத்தும் முகாமையாளருக்குக் கீழே இருக்கவே கூடாது. அது நிறுவனத்தின் உச்சிக்கு நேரடியாகப் பதில் சொல்ல வேண்டும். முகாமையாளரையும் பார்க்க வேண்டிய கண் முகாமையாளரின் சம்பளப் பட்டியலில் கட்டுண்டு கிடந்தால் அது எப்படிப் பேசும்?

தாய்மார்களே, இதை விளக்க உங்களுக்கு நான் வேகாஸுக்குப் போக வேண்டியதில்லை. கொழுந்து மடுவத்துக்கு வாருங்கள். கொழுந்து நிறுக்கும்போது தராசின் முகம் கணக்கப்பிள்ளையின் பக்கம் மட்டும் திரும்பியிருந்தால் உங்களுக்கு நிம்மதி உண்டா? ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் அவர் கழிப்பதை நீங்கள் காண முடியுமா? தராசு துல்லியமானதுதான், பழுதில்லாததுதான். ஆனால் ஒரு பக்கம் மட்டும் பார்க்கும் தராசு மற்றப் பக்கத்துக்குத் தராசே அல்ல. கமராப் பதிவும் அதேதான். கசினோவில் அதிக நேரம் கமராவின் கீழ் நிற்பது யார்? ஆடிவிட்டுப் போகும் பணக்காரர் அல்ல. எட்டு மணித்தியாலமும் நின்றபடி சீட்டுப் போடும் டீலர், சிப் எண்ணும் பெண், தட்டைத் தூக்கி நடக்கும் பையன். எப்போதாவது கணக்குக் குறைந்தால் முதல் சந்தேகம் அவர்கள்மேல்தான் விழும். அந்த நேரத்தில் பதிவை முதலாளி மட்டும் பார்த்து, முதலாளி மட்டும் தீர்மானித்தால் அது விசாரணையா? குற்றம் சாட்டப்பட்ட தொழிலாளி, தனக்காகப் பேசும் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்தப் பதிவை முழுமையாகப் பார்க்கும் உரிமை எழுத்தில் இருக்க வேண்டும். வெட்டிய துண்டு அல்ல, முன்னும் பின்னும் சேர்த்து. இதை ஒரு தொழில்நுட்பவியலாளர் ஏன் பேச வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். பதிவை எடுத்துக் கொடுக்கும் பொத்தானை வைப்பவர் அவர்தானே?

முகமறியும் மென்பொருளைப் பற்றியும் ஒரு வார்த்தை. இப்போது எல்லா விற்பனையாளரும் அதைத்தான் முதலில் காட்டுகிறார்கள். சிங்கப்பூரில் சூதால் சீரழியும் ஒருவரை உள்ளே விடாதபடி அவருடைய குடும்பமே விண்ணப்பித்துத் தடை வாங்க முடியும். உள்நாட்டவர் நுழையவே ஒரு நாளைக்கு 150 சிங்கப்பூர் டொலர் வரி. அந்தத் தடையை நிறைவேற்ற வாசலில் அடையாளச் சோதனை இருக்கிறது. கசினோத் தொழில்நுட்பத்தில் நான் மனமாரப் பாராட்டும் பயன்பாடு இதுதான். ஒரு பெண் தன் கணவனை வாசலிலேயே நிறுத்த முடிகிறது! ஆனால் மென்பொருள் சொன்னது வேதவாக்கு அல்ல. 2018இல் ஆய்வாளர்கள் ஜோய் புவோலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் செய்த ஆய்வில், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் வணிக மென்பொருள்கள், வெள்ளைத் தோல் ஆண்களிடம் ஒரு சதவீதத்துக்குள் தவறின. கறுத்த தோல் பெண்களிடம் அவற்றுள் ஒன்று 34.7 சதவீதம் வரை தவறியது. நம் நிறம் என்ன? ஆகவே மென்பொருள் மணி அடித்தால், ஒரு மனிதர் பார்த்து, அடையாள அட்டையைச் சரிபார்த்து, அதன் பிறகே கை வைக்க வேண்டும். முகத்தின் அளவுகள் சாதாரணத் தரவும் அல்ல. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தனிக் கவனத்துக்குரிய வகையில் வைத்திருக்கிறது. எதற்காகச் சேர்க்கிறோம், எத்தனை நாள் வைப்போம், யாரிடம் கொடுப்போம் என்று சொல்லாமல் சேர்க்க முடியாத காலம் வந்துகொண்டிருக்கிறது.

தம்பி தங்கைகளே, நாளைக்கு உங்களில் ஒருவர் கையில் கொழும்பில் ஒரு தளத்தின் வரைபடம் வரும். அன்று மேசைகளின் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு மேசைக்கும் நேரே வரக்கூடிய வழக்கை எழுதுங்கள், அதற்குப் பக்கத்தில் மீற்றருக்கு எத்தனை பிக்சல், செக்கனுக்கு எத்தனை படம், எத்தனை நாள் சேமிப்பு என்று எழுதுங்கள். கமராக்களின் எண்ணிக்கை அதிலிருந்து தானாக வரும். விலைமனுவின் கடைசிப் பக்கத்தில், பதிவைப் பார்க்க உரிமையுள்ளவர்களின் பட்டியலுக்கு இடம் விட்டு, அதில் தொழிலாளிக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். முதலாளி அந்த வரியை அடித்தால், ஏன் அடித்தீர்கள் ஐயா என்று மரியாதையாகக் கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.